வெட்டுப்பாறையில் கல்லெறிந்தவர்

ஏகாம்பரம் போய்விட்டார் என்ற செய்தியைச் செவிலிமேட்டிலிருந்து வந்த டவுன் பஸ் கண்டக்டர், படியில் தொங்கியபடியே எனக்குச் சொன்னார். "சித்தப்பா, உங்க கல்லுக்காரரு காலைல பூட்டாரு. சரோஜாக்கா உங்கள உடனே வரச் சொல்லுச்சு."

நான் நம்பவில்லை. "யார்கிட்ட சண்டை போட்டுக்கினு இருந்தாரு?" என்று கேட்டேன்.

"குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கிட்ட. திட்டிக்கினே நெஞ்ச புடிச்சாராம்."

அப்போதுதான் நம்பினேன். எமதர்மராஜன் நேருக்கு நேராக வந்திருந்தால் அவனுடைய எருமைக்கு ஒரு கொம்புகூட மிஞ்சியிருக்காது. பயந்து, பின்பக்கச் சந்து வழியாக வந்து காரியத்தை முடித்திருக்கிறான்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். மீதிப் பேர் ஓடத் தெரிந்தவர்கள். நான் இரண்டு கட்சியிலும் உறுப்பினன்.

பாறைகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி, சென்னையில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் அவர் வேலை பார்த்த காலம் ஒன்று உண்டு. பூமியின் பாறை அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, கண்ணாடி போட்டு, மேலதிகாரியின் அறையில் மாட்டியிருந்தார்கள். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, அங்கே ஒரு காலமே அழிந்துபோனதைக் காட்ட, நெளிநெளியாய் ஒரு கோடு போட வேண்டும் என்று இவர் சொன்னார். "ஒன்றுமே இல்லாத இடத்துக்கு எதற்கய்யா கோடு?" என்று அதிகாரி சிரித்தாராம். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அந்தச் சட்டம் அதிகாரியின் கழுத்தில் மாலையாக இருந்தது. கண்ணாடிச் சில்லுகளை ஆந்திர எல்லை வரைக்கும் பொறுக்கினார்கள் என்பது என் கணக்கு. வேலை போயிற்று. அதைப் பற்றி அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. "இடைவெளின்னா சும்மா இருந்த காலம்னு நெனைக்கறான்பா அந்த ஆளு. அங்கதான் கொலையே நடந்திருக்குது" என்று மட்டும் சொல்வார்.

அந்தக் கொலை நடந்த இடத்தை எனக்கு நேரிலேயே காட்டினார். தாமல் ஏரியைத் தாண்டிப் போனால் வருகிற வெட்டுப்பாறையை அந்தக் காலத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடியில் பச்சைத் தண்ணீர்ச் சுனை, அதற்கு மேலே சுவர்போல எழுந்த பாறை. ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரமே புளியோதரை கட்டிக்கொண்டு அங்கே போகும். பாறையின் கீழ்ப்பாதி கருங்கல். அதன் வரிகள் எல்லாம் செங்குத்தாக நிற்கும். மேல்பாதி மஞ்சள் நிறம். அதன் அடுக்குகள் எல்லாம் படுத்திருக்கும். நடுவே ஒரு சாண் செம்மண், அதில் உருண்டைக் கூழாங்கற்கள். அம்மன் ஓர் அசுரனை ஒரே வெட்டாக வெட்டிய தழும்பு அது என்பார்கள்.

ஏகாம்பரம் அந்தச் செம்மண்ணில் விரலை வைத்துச் சொன்னார்: "இந்தக் கறுப்புக் கல்லு பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல வெந்து நசுங்கினது. அது எப்பிடிப்பா மேல வந்துச்சு? அதுக்கு மேல இருந்த மலை மொத்தத்தையும் மழையும் காத்தும் அரைச்சுத் தின்னிருக்குது. அப்புறம்தான் தண்ணி வந்து மஞ்சச் சேத்தப் படுக்க வச்சுது. செத்துப்போன மலைக்கு மிச்சம் இந்தக் கூழாங்கல்லுதான்."

அசுரவதம் இதன் பக்கத்தில் பிள்ளை விளையாட்டு என்று எனக்குத் தோன்றியது. புளியோதரை இறங்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அந்தப் பாறையை உடைத்துச் சாலைக்கு ஜல்லி போடும் குத்தகையை எடுத்தவர் துரைசாமி. தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். கொஞ்சம் அரசியல், நிறைய மீசை. ஏகாம்பரத்தின் மனைவி சரோஜாவின் அண்ணன், அதாவது இவருக்கு மச்சான். வேலை போன மாப்பிள்ளையைக் குவாரிக்கு மேஸ்திரியாக வைத்துக்கொண்டவரும் அவர்தான். லாரிகள் என்னுடையவை. ஆகவே குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த யுத்தங்கள் அனைத்தையும் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

யுத்தம் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான். கருங்கல்லுக்குத்தான் விலை. மேலே இருந்த மஞ்சள் அடுக்கை விட்டுவிட்டு, அடியிலேயே குடைந்துகொண்டு போனார் துரைசாமி. மேலே இருப்பதை முதலில் இறக்கு என்றார் ஏகாம்பரம். காஞ்சிபுரம் பக்கத்தில் வளர்ந்த துரைசாமியின் கண்ணுக்கு உலகமே தறிதானே!

"இன்னா மாப்ளே, படிச்ச ஆளுக்கு இது தெரியல? கீழ நிக்கறது பாவு, மேல படுத்துக்கினு இருக்கறது ஊடை. கடவுள் நெய்த கல்லுய்யா. ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கினு இருக்குது. எங்க கிழியும்?"

"நெய்யல மச்சான்! சும்மா மேல வச்சிருக்குது. நடுவுல ஈரமண்ணு. சுனைப் பக்கம் சாஞ்சி வேற இருக்குது. மழைல ஊறினா சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்."

துரைசாமி சிரித்தார். ஏகாம்பரம் அவருடைய மீசையைப் பிடித்தார். ஆட்கள் வந்து பிரித்தார்கள். இது தினசரிப் பூஜை.

ஐப்பசி அடைமழை நின்ற மறுநாள் துரைசாமி வெடி வைக்கச் சொன்னார். மருந்து வைப்பவர் காதர் பாய். நகரத்துக்காரர், மெல்லப் பேசுபவர், ஏகாம்பரம் வாழ்நாளில் அடிக்காத ஒரே மனிதர். ஏகாம்பரம் வெடிப்பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். நான்கு தடியர்கள் அவரைத் தூக்கி, அடித்து, உதட்டைக் கிழித்து, வேப்பமரத்தில் கட்டினார்கள். திரி பற்றியது. பூமி ஒருமுறை குதித்து உட்கார்ந்தது. என் குடை வாலாஜாபாத் வரை பறந்தது. புகை அடங்கியது.

ஒன்றும் விழவில்லை.

"பாத்தியா மாப்ளே? உன் மலை எங்க வழுக்குச்சு?" என்று கேட்டபடி துரைசாமியே பாறையடியை நோக்கி நடந்தார். கல்லுடைக்கும் ஆண்களும் பெண்களும் கூடையோடு பின்னால் போனார்கள். ஏதோ ஒரு குழி வெடிக்கவில்லை என்று காதர் பாய்க்குச் சந்தேகம். மருந்துக்காரன் முதலில் போய்ப் பார்ப்பதுதான் முறை. அவர் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார்.

நான்தான் ஏகாம்பரத்தின் கட்டை அவிழ்த்தேன். விடுதலையான மனிதர் எனக்கு நன்றி சொல்லவில்லை, கல்லை எடுத்தார். ஜல்லிக் குவியல் பக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு நான் கண்டதைக் குருக்ஷேத்திரத்தில் சஞ்சயன்கூடக் கண்டிருக்க மாட்டான். கூடைகள் பிளந்தன, மண்டைகள் உடைந்தன, ஒரு பெண்ணின் தோளில் ரத்தம் வழிந்தது. தடுக்கப் போன என் நெற்றியிலும் ஒன்று. "பைத்தியம் புடிச்சிடுச்சிடா!" என்று அலறிக்கொண்டு ஜனம் பக்கவாட்டில் சிதறி வெளியே ஓடியது. தடியர்கள் முதுகில் கழியால் அடிக்க அடிக்க, அவர் திரும்பிப் பார்க்காமல் எறிந்துகொண்டே இருந்தார். துரைசாமி மட்டும் வீம்பாக நின்றார். ஏகாம்பரம் ஓடிப்போய்ச் சம்மட்டியின் பிடியால் அவர் முழங்காலில் ஓங்கி ஒரு போடு போட்டு, விழுந்தவரை மீசையைப் பிடித்தே தரதரவென்று வெளியே இழுத்தார். இழுத்துக்கொண்டே, "பாய்! வாங்க பாய்! வெளிய வந்துடுங்க!" என்று கூப்பிட்டார்.

"தோ வந்துட்டேன் அண்ணே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பிறகு மேலே பட்டு கிழிவதுபோல ஒரு சத்தம். மஞ்சள் அடுக்கு முழுவதும் செம்மண்மேல் வழுக்கி, அவசரமே இல்லாமல், சுனைக்குள் இறங்கியது. தண்ணீர் பனையுயரம் எழுந்தது. இதில் மிகைப்படுத்துவதற்கு எனக்கு ஒன்றுமில்லை.

அன்று மாலை வரை ஏகாம்பரம் வெறுங்கையால் தோண்டினார். நகங்கள் போயின. காதர் பாயை எடுத்தபோது முகத்தில் காயமே இல்லை. ஏகாம்பரம் என் பக்கம் திரும்பி ஒன்று சொன்னார்: "எல்லாரையும் கல்லால கூப்ட்டேன். இவர மட்டும் வாயால கூப்ட்டுட்டேன்பா." அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

துரைசாமியின் கால் சரியாகக் கூடவில்லை. "என் காலை ஒடிச்சவன்" என்றே பேசிவந்தார். தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சரோஜா ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "வீட்டுல ஒரு டம்ளர் ஒடச்சதில்லண்ணே இவரு. வெளிய போனாதான் இப்பிடி." அந்த வருஷங்களில் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே ஒன்றுமே நடக்கவில்லை என்று ஊர் நினைத்தது. ஏகாம்பரத்தின் பாடத்தைக் கேட்ட எவரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

இழவு வீட்டுக்குத் துரைசாமி வந்தார், தடியை ஊன்றிக்கொண்டு. கூட்டம் வழிவிட்டது. வாய்க்கரிசியைக் கையில் எடுத்தவர் போடாமல் நின்றார். பிறகு பிணத்தைப் பார்த்து, சண்டைக்கு இழுப்பதுபோலவே கத்தினார்: "வெடி வைக்கறதுக்கு முன்னாடியே என் காலை ஒடிச்சிருக்கக் கூடாதாய்யா மாப்ளே? பாய் இருந்திருப்பாரே!" அரிசி முழுவதும் தரையில் கொட்டிவிட்டது. சரோஜா எழுந்து வந்து, வேறு அரிசி எடுத்து அண்ணன் கையில் வைத்தாள்.

அன்புக்குரிய நண்பர்களே, அவருடைய படிப்பு எனக்கு வராது. கோபத்தைத் தாங்கும் உடம்பும் எனக்கு இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு மரியாதைக்குறைவு.

பாலாற்றுச் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, மணல் அள்ளிய பெரும் பள்ளத்தின் விளிம்பிலேயே துரைசாமி நொண்டிக்கொண்டு போனார். "பாத்துப் போங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சட்டையைக் கொத்தாகப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துத் தள்ளினேன். மல்லாந்து விழுந்தவர் என் வம்சம் முழுவதையும் திட்டினார். கரை சரியவில்லை. திட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.