பாக்கி தராத கண்டக்டரின் மகள்

கல்லூரி திறப்பதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அப்பா என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது.

அவர் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கொழிஞ்சாம்பாறையில் கிளம்பி சித்தூர் வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும் வண்டி. என் கல்லூரி பாலக்காட்டில். காலையிலும் மாலையிலும் என் நேரத்துக்குத் தோதாக இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். மகளை ஓசியில் ஏற்றிக்கொண்டு வருகிறான் என்று யாராவது முதலாளி காதில் போட்டுவிடுவார்கள், டிக்கெட் வாங்கினாலும் போடுவார்கள் என்றார் அப்பா. "மத்த புள்ளைக எப்பிடி வருதோ அப்பிடியே வந்துட்டுப் போ சாமி."

சரிங்கப்பா என்றேன். எனக்கு அவ்வளவு நிம்மதி. அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து அடுப்படிக்குள் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கண்டக்டர்களைப் பற்றிப் பிள்ளைகள் என்னென்ன பேசுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். நானே கேட்காமல் அப்பாவாக வந்து அதைக் கேட்டது எனக்கு நல்லதாகப் போயிற்று.

எங்கள் பக்கத்து பஸ்களில் மாணவர்களுக்குக் கன்செஷன் உண்டு. கார்டைக் காட்டினால் அவ்வளவு தூரத்துக்கும் மூன்று ரூபாய், நான்கு ரூபாய்தான். அந்தக் காசு டீசலுக்குக்கூடக் காணாது என்பது பஸ்காரர்களின் புலம்பல். ஸ்டூடண்ட் டிக்கெட் என்பதைச் சுருக்கி எஸ்.டி. என்பார்கள். டிக்கெட்டுக்கு வைத்த பெயரையே எங்களுக்கும் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் பாலக்காடு ஸ்டாண்டில் வண்டி வந்து நின்றால் எஸ்.டி.கள் ஏறக் கூடாது. முழு டிக்கெட் ஆட்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்து, டிரைவர் வண்டியை எடுத்த பிறகுதான் எங்களுக்கு வாசல் திறக்கும். அதுவரை வெயிலானாலும் மழையானாலும் படிக்கட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். உள்ளே பாதி சீட்டு காலியாக இருப்பது எங்களுக்குத் தெரியும்.

"எஸ்.டி. ஒக்கெ மாறி நிக்கு" என்று அப்பா படியில் நின்று கத்துவார். எஸ்.டி. எல்லாம் தள்ளி நில்லு. வீட்டில் நான் கேட்டேயிராத குரல் அது. வீட்டில் அவர் ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டுமென்றால்கூட இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறவர். இங்கே பேக்கை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, மலையாளத்தில், பெண்பிள்ளைகள் என்றும் பார்க்காமல் விரட்டுவார். கூட்டத்தில் நானும் நிற்பேன். அவர் பார்வை என் தலைக்கு மேலே போய்விடும்.

என்னோடு வந்த பிள்ளைகள் நான்கு பேர். எல்லோரும் வழியில் இறங்குகிறவர்கள், மலையாளம் பேசுகிறவர்கள். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, வேலந்தாவளம் போகிற ரோட்டில் இருந்த எங்கள் வீட்டையோ மனிதர்களையோ அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஐந்து ரூபாய் காசோ நோட்டோ நீட்டுவார்கள். அப்பா வாங்கிப் பேக்கில் போட்டுவிட்டு, பாக்கி பின்னே தராம் என்பார். மீதியைத்தான் மலையாளத்தில் பாக்கி என்பது, அப்புறம் தருகிறேன் என்று அர்த்தம். அந்தப் 'பின்னே' வரவே வராது. இறங்கும்போது கேட்டால் சில்லறை இல்லை என்பார், அதற்குள் பெல் அடித்துவிடும். இரண்டு ரூபாய்க்காக ஓடுகிற வண்டியின் பின்னால் யார் ஓடுவார்கள்? பிள்ளைகள் அவருக்குப் 'பாக்கி' என்றே பெயர் வைத்தார்கள். இன்னைக்குப் பாக்கி நல்ல கோபத்துல இருக்கு, பாக்கி புதுச் சட்டை போட்டிருக்கு என்று பேசிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் கொடுப்பது மட்டும் சரியாக நான்கு ரூபாய். அம்மா தினமும் காலையில் எடுத்துக் கையில் வைப்பாள். எங்கிருந்து எடுக்கிறாள் என்று நான் வெகுநாள் கவனிக்கவில்லை. அப்பா ராத்திரி வந்ததும் சட்டைப்பையிலிருந்து சில்லறையை அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். பஸ் கலெக்‌ஷன் பேக்கோடு முதலாளியிடம் போய்விடும். சட்டைப்பையில் இருப்பது வேறு கணக்கு. கொடுக்காமல் விட்ட மீதிகள். அம்மா எனக்கு எடுத்துத் தந்தது அந்தப் பாட்டிலிலிருந்து. அது புரிந்த நாளிலிருந்து அந்தக் காசைக் கையில் வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அதையும் அப்பாவிடம்தான் கொடுத்தேன். அவரும் முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம், அந்த நான்கு பேரில் அதிகம் பேசாத பெண் ஒருத்தி ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்தாள். நல்லேப்பிள்ளியில் இறங்குகிறவள். அவளிடம் அன்று வேறு காசு இல்லை. வீட்டுக்கு ஏதோ மருந்து வாங்கிய மீதி அது. இறங்கும்போது தருகிறேன் என்று அப்பா வாங்கிக்கொண்டார். வண்டியில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் அவளை ஒட்டித்தான் நின்றிருந்தேன். நல்லேப்பிள்ளி வந்ததும் அவள் கையை நீட்டிக் கேட்டாள். "தந்நல்லோ" என்றார் அப்பா. கொடுத்துவிட்டேனே என்று அர்த்தம். அவள் இல்லை என்று சொல்லச் சொல்லப் பின்னாலிருந்து வந்த கூட்டம் அவளைக் கீழே இறக்கிவிட்டது. பெல் அடித்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குடையைக்கூட விரிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று இரவு அப்பா வந்ததும் கேட்க வேண்டுமென்று இருந்தேன். சாப்பாடு போட்டேன், கேட்கவில்லை. பஸ்ஸில் நடப்பதை வீட்டில் பேசுவதில்லை என்பது எங்களுக்குள் தானாக ஏற்பட்டிருந்த வழக்கம். அதை யார் முதலில் உடைப்பது?

மறுநாள் காலை நல்லேப்பிள்ளியில் அவள் தன் அம்மாவோடு நின்றிருந்தாள். அந்த அம்மா வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், தோளில் துண்டோடு, வண்டி நின்றதும் படியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். சத்தம் போடவில்லை. மகளின் மீதியைத் தரச் சொல்லிக் கேட்டார், அவ்வளவுதான். அப்பா, தந்துவிட்டேன் என்றார். அந்த அம்மா மறுபடியும் அதே குரலில் கேட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். பின்சீட்டில் யாரோ, நேரமாகுது, தீர்த்துவிடுங்கள் என்றார்கள். அப்பாவின் குரல் ஏறியது. பிள்ளைகள் பணத்தைச் செலவழித்துவிட்டு வீட்டில் பொய் சொல்வது தனக்குத் தெரியாதா என்றார்.

அந்தப் பெண் கீழேயிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ கண்டதல்லே?" நீ பார்த்தாய் அல்லவா என்று கேட்டாள். வண்டி முழுக்க என் பக்கம் திரும்பியது. அப்பா மட்டும் திரும்பவில்லை.

இல்லை, கொடுக்கவில்லை என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"நீங்க குடுக்கலீங்கப்பா."

அப்பா என்றால் என்ன என்று அந்த வண்டியில் தமிழ் தெரியாதவர்களுக்கும் தெரியும். என் தோழிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த அம்மா படியிலிருந்து காலை எடுத்துவிட்டார். அப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார். அந்த வண்டியில் அவர் என்னை நேராகப் பார்த்த முதல் தடவை அது. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். யார் வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்டவர் மாதிரி முழித்தார்.

பிறகு பேக்கைத் தொடாமல் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார். இரண்டு இருபது ரூபாய் நோட்டு, மீதிக்குக் காசு. ஒரு காசு படியில் விழுந்து உருண்டது. அந்தப் பெண்தான் குனிந்து எடுத்தாள். அவள் ஏறினாள். பெல் அடித்தது. சித்தூர் வரை அவர் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. அதற்கப்புறம் பின்பக்கத்திலிருந்து வசூலித்துக்கொண்டு வந்தவர், முன்னால் வந்ததும் எல்லோரிடமும் போல என்னிடமும் கையை நீட்டினார். நான்கு ரூபாயை வைத்தேன்.

தோழிகள் என்னை விட்டு விலகவில்லை. விலகியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அவர்கள் நல்லவர்களாகிவிட்டார்கள். 'பாக்கி' என்ற பெயர் அன்றோடு நின்றது. பஸ்ஸைப் பற்றியே பேசுவதில்லை. ஸ்டாண்டில் அப்பா விரட்டினால் முணுமுணுக்காமல் தள்ளி நின்றார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்திருந்தால் அம்மாவைக் கூட்டி வந்திருக்க மாட்டேன் என்றாள். நான் இத்தனை நாள் அவர்களோடு சேர்ந்து சிரித்ததை அவர்கள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருப்பார்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அன்று இரவு அப்பா சாப்பிட்டார், கை கழுவினார், படுத்தார். நான் பக்கத்து அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கிடந்தேன். அம்மாவிடம் டிரைவரின் மனைவி போனில் சொல்லியிருக்க வேண்டும். "ஏனுங்க, நெசந்தானுங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ரெண்டு ரூவா, மூணு ரூவா குடுக்காம வுட்டது நெசந்தா. அந்தக் காசுலதான இந்த ஊட்ல பாலு வாங்கறம்" என்றார் அப்பா. "அம்பது ரூவாயெ எடுப்பனா? குடுத்துட்டன்னுதா நெனச்சேன். கூட்டத்துல யாருக்குக் குடுத்தனோ."

அதை நம்ப வேண்டுமென்று எனக்கு ஆசையாக இருந்தது. பாதி நம்பினேன். இன்றைக்கும் அவ்வளவுதான். அவர் சொன்னது உண்மையென்றால், மறந்துபோன ஒரு மனிதரைப் பஸ் முழுக்கப் பார்க்கத் திருடனாக்கியது என் வாய். பொய்யென்றால், என் அப்பா அப்படிப்பட்டவர். இரண்டில் எது என்று நான் அவரிடம் கேட்டதேயில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் அவர் வேறு முதலாளியின் வண்டிக்கு மாறிக்கொண்டார். பொள்ளாச்சிப் பக்கம் ஓடுகிற வண்டி, பேட்டா குறைவு. நேரம் ஒத்துவரவில்லை என்று வீட்டில் சொன்னார். பழைய வண்டிக்கு வந்த புதுக் கண்டக்டர் இளவயதுக்காரர், சிரித்துப் பேசுவார். அவரும் மீதி தருவதில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மூன்றாம் வருஷக் கடைசியில் நல்லேப்பிள்ளிப் பெண்ணின் அண்ணனுக்குக் கல்யாணம். அவளும் அவள் அம்மாவும் எங்கள் வீட்டைத் தேடிப் பத்திரிகையோடு வந்தார்கள். அப்பா அந்நேரம் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மா காப்பி குடித்துவிட்டு, எல்லோரும் வர வேண்டும், அச்சனும் வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அப்பா என்பதை அவர்கள் அச்சன் என்பார்கள். இரவில் அப்பாவிடம் சொன்னோம். பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது.

கல்யாணத்தன்று அப்பா லீவு போட்டார். வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். அம்மாவும் நானும் அவரும் பஸ் நிறுத்தம் வரை ஒன்றாக நடந்தோம். தென்னந்தோப்புத் திருப்பத்தில் வண்டி தெரிந்தது. அப்பா நின்றார். "முதலாளி கூப்புட்டிருந்தாரு, மறந்தே போயிட்டேன். நீங்க போயிட்டு வாங்க" என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்.

வண்டியில் கண்டக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர். அம்மாவை அடையாளம் கண்டுகொண்டு டிக்கெட் வேண்டாம் என்றார். அண்ணன் ஊட்டாளுகளுக்கு டிக்கெட்டா என்றார். அம்மா நோட்டை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் அவர் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா அதே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பந்தியில் எத்தனை கறி, பாயசம் பாலடையா பருப்பா, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்றெல்லாம் விசாரித்தார். அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த அம்மா வாசலிலேயே என்னை நிறுத்தி, அச்சன் எங்கே என்று கேட்டதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்துக்கொண்டு நான் நின்றேன். அப்பா என் பக்கம் பார்க்கவில்லை. நான் புடவை மாற்ற உள்ளே போனேன்.