கவரை நிறுத்திய லூர்துமேரி

அல்வாலில் எங்கள் காலனி வாசலை ஒட்டி லூர்துமேரி நடத்தும் கறி பாயிண்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவருடைய தந்தை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். கணவர் இறந்த ஆண்டில், வீட்டு முன்னறையில் இரண்டு அடுப்புகளை வைத்து அவர் தொடங்கிய கடை அது. இருபது ஆண்டுகள் ஆகின்றன. சோற்றை வீட்டில் வடித்துக்கொண்டு, சாம்பாரையும் கறியையும் கடையில் வாங்கிச் செல்வது, தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும் இந்நகரத்து வழக்கம். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, நூலால் அவர் முடிச்சிடும் வேகத்தைப் பார்க்கவே சிலர் நிற்பார்கள்.

அந்த முடிச்சை நிறுத்தியவன் நான்.

சென்ற ஆண்டு காலனிக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் என்னைப் பேச அழைத்தனர். சூடும் எண்ணெயும் பட்டால் பிளாஸ்டிக்கிலுள்ள சில வேதிப்பொருள்கள் உணவில் கசியக்கூடும், அவை உடலின் ஹார்மோன்களைக் குலைக்கக்கூடும், கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும் என்று குறிப்புகளோடு முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசியில் நின்ற லூர்துமேரி மட்டும் தட்டவில்லை.

வெளியே வந்ததும் கேட்டார்: “சார், அப்போ இருபது வருஷமா நான் கட்டிக் குடுத்தது? நம்ம காலனி பூபாலன் சம்சாரம் மாசமா இருந்தப்போ தினம் என் ரசந்தான் சார்.”

“நடந்ததை விடுங்கம்மா. இனிமே பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்க. முதல் ஆளா நானே வர்றேன்” என்றேன்.

மறுநாளே அவர் கவரை நிறுத்திவிட்டார். வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களிடம் பாத்திரம் ஏது? “கவர் நக்கோ, வேணாம் பாய், டப்பா கொண்டா!” என்று இவர் சிரிப்பார், அவர்கள் எதிர்க்கடைக்குப் போவார்கள். மூன்று அண்டாக்களில் கொதித்த சாம்பார் ஓர் அண்டாவாகச் சுருங்கியது.

நான் நான்கு நாள்கள் தூக்குப் பாத்திரத்தோடு போனேன். ஐந்தாம் நாள், பாதுகாப்புத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற வரதராஜன் காலனி வாசலிலிருந்து உரக்கக் கேட்டார்: “என்ன வாத்தியாரே, தூக்கும் கையுமா கிளம்பிட்டீர்? எந்தக் கோயில்ல அன்னதானம்?”

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தனர். கவர் என்றால் துணிப்பைக்குள் மறைந்துவிடும், தூக்கு மறையாது. அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன். அன்றுமுதல் கைபேசியில் சொல்லி வேறொரு கடையிலிருந்து வரவழைத்தேன். எல்லாம் பிளாஸ்டிக் டப்பாக்களில், ஆவி பறக்க வந்தன.

இரண்டு மாதங்கள் கழித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் சாம்பாரோடு லூர்துமேரியே வீட்டுக்கு வந்தார். “சாருக்கு உடம்பு முடியலையோன்னு பார்த்தேம்மா” என்றார் என் மனைவி பகவதியிடம். பகவதி அவரைச் சமையலறைக்கே அழைத்துச் சென்றாள்; பின்னால் நானும் போனேன். மேடையின்மேல் அந்த டப்பாக்கள் இருந்தன. எங்களைப் போன்ற வீடுகளில் பார்சல் டப்பாவை எறிவதில்லை. நானே கழுவி, துடைத்து, அளவு வாரியாக அடுக்கியிருந்தேன்.

“ஹவ், இத்தனையா?” என்றவர், என் முகத்தைப் பார்க்காமல், “நல்லா கழுவி வெச்சிருக்கீங்க சார். சுத்தமா இருக்கு” என்றார். பாத்திரத்தைக் காலிசெய்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“எனக்கு முட்டி வலி, நடக்க முடியல. உங்களுக்கு என்ன வலி?” என்றாள் பகவதி.

மறுநாள் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். “இன்னைக்கும் அன்னதானமா?” என்றார் வரதராஜன். “ஆமாம்” என்றேன். அந்த ஒரு சொல்லை இரண்டு மாதங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

கடை ஆணியில் புதிய கவர்க் கட்டு தொங்கியது.

“நேத்து சாயங்காலமே வாங்கிட்டேன் சார்” என்றார் லூர்துமேரி. குரலில் கோபமே இல்லை. “சொன்ன வாத்தியார் வீட்டுலயே முடியல. பஸ்ஸுல வர்ற ஜனம் என்ன பண்ணும்? நானும் சாப்பிடணுமில்ல?”

ஆனாலும், சாம்பாரை அகலமான தட்டுகளில் ஊற்றி மின்விசிறியின் கீழ் வைத்திருந்தார். ஆறிய பிறகே கவரில் ஊற்றுவாராம். ஏழெட்டுப் பேர் முணுமுணுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். என் தூக்கை வாங்கி, அடுப்பிலிருந்தே சுடச்சுட மொண்டு ஊற்றினார்.

“நீங்க போங்க சார். உங்களுக்கு ஆற வேண்டியதில்ல.”

காத்திருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். நான் தலை குனிந்தபடி நடந்தேன்.