குணசீலன் அண்ணையின் நாட்காட்டி

குணசீலன் அண்ணை மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி அலுவலக வட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் கொடிகாமத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வருவதற்குள் தங்கமான மனிதர் என்று எழுதத் தொடங்கிவிட்டீர்கள். அவருக்குக் கீழே என்னோடு வேலை செய்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது. இறந்த பிறகும் பிடிக்கவில்லை.

கெட்டிக்காரர்தான். இணையத்தளத்துக்கு வேண்டிய பொத்தான், அட்டவணை, நாட்காட்டி என்று நாங்கள் கொம்போனன்ற் எனச் சொல்லும் துண்டுகளைத் தானே எழுதி, தளத்துக்குத் தளம் திரும்பப் பயன்படுத்துவார். பலரும் சோதித்துத் திருத்திய ஆயத்தத் துண்டுகள் சும்மா கிடைத்தாலும் தொடமாட்டார். "மற்றவன் எழுதினதுக்கு நான் பொறுப்பு நிக்கேலாது" என்பார். எதை எடுப்பது என்று கூட்டம் வைப்பார்; முடிவை முதலே எடுத்துக்கொண்டுதான் வருவார்.

பார்வையற்றவர்களும் படிக்கும் பயிற்சி நிலையம் ஒன்றுக்குப் பதிவுப் பக்கம் செய்தோம். திரையை வாசித்துச் சொல்லும் கைபேசிச் செயலிக்கு அவருடைய நாட்காட்டி பிடிபடவில்லை. ஆயத்த நாட்காட்டி பிடிபட்டது. கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

சோதித்துப் பார்க்கப் பண்டத்தரிப்பிலிருந்து பார்வையற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். பெயரையும் முகவரியையும் மளமளவென்று நிரப்பினார். பிறந்த திகதியைத் தேர்ந்தெடுக்கும் நாட்காட்டியில் விரல் நின்றது. கைபேசி எதுவும் சொல்லவில்லை.

"வீட்டிலை ஆரும் நிரப்பித் தருவினம்தானே, ரீச்சர்" என்றார் குணசீலன் அண்ணை.

"என்ரை பிறந்த திகதி எனக்குத் தெரியும், தம்பி. அதுக்கு ஏன் இன்னொரு ஆள்?"

நீங்கள் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று பின்னேரமே ஆயத்த நாட்காட்டியைப் பொருத்தினேன். மறுநாள் அவர் அதைக் கழற்றித் தன்னுடையதைப் போட்டார். என்னை அந்த வேலையிலிருந்தும் விலக்கினார். எனக்கு அவசரப் புத்தி என்று நிலையத்தாரிடம் சொன்னாராம். பக்கம் அப்படியே வெளியானது.

கொழும்புத்துறையில், செத்தவீட்டில், அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "உங்களைப் பற்றி அடிக்கடி கதைப்பார்" என்றார். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவருடைய இடத்தில் என்னை இருத்தியிருக்கிறார்கள். முதல் வேலையாக அந்த நாட்காட்டியைத் தூக்கிவிட்டு ஆயத்த நாட்காட்டியைப் போட்டேன். ஆசிரியை மறுபடி வந்து, ஒருவரிடமும் கேளாமல் நிரப்பி முடித்தார்.

யாராவது புதுத் துண்டொன்றைக் கொண்டுவந்தால், "இது இல்லாட்டி ஆர் அழப்போகினம்?" என்று கேட்பார் குணசீலன் அண்ணை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி. அவர் எழுதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அதையே கேட்டு, கழற்றிக்கொண்டிருக்கிறேன். அட்டவணையை மட்டும் விட்டுவிட்டேன். அதைவிட நல்லது இன்னும் கிடைக்கவில்லை.