லண்டனிலிருந்து சூரமங்கலம்

தெரசம்மாளைக் கோபக்காரி என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, அவளிடம் இருந்தது கோபம் இல்லை, வன்மம். அதைப் பதினொரு வருஷம் சோறு போட்டு வளர்த்தாள்.

1952-ல் சூரமங்கலத்தில் அவள் அம்மா செத்தபோது, அண்ணன் அற்புதராஜ் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. கிறிஸ்தவ வேதத்தை விட்டுச் செங்கோடனைக் கட்டிக்கொண்டு ஜேடர்பாளையம் போனவள் என்ற ஆத்திரம் அவனுக்கு. நாற்பது சொச்சம் மைல் பஸ்ஸில் அடித்துப் பிடித்து வந்து இறங்கினால், குழியை மூடிவிட்டு எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மா முகத்தைப் பார்க்கவில்லையே என்று மண்ணில் விழுந்து கதறினாள். மறு மாதமே அவன் லண்டன் வேலைக்கு விமானம் ஏறிவிட்டான். வழியில் இறங்கி இறங்கி இரண்டு ராத்திரி போயிற்று என்று அப்பா சவரியாருக்கு எழுதினான்.

அதற்கப்புறம் சவரியாரைச் சூரமங்கலத்துக்கே வந்து வைத்துப் பார்த்தவள் தெரசம்மாள்தான். 1963-ல் ஒரு திங்கட்கிழமை விடியலில் அவர் கண்ணை மூடினார். முதல் காரியமாக அண்ணனுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னாள். மறுநாள் காலையில் பதில் வந்தது: புறப்பட்டுவிட்டேன், காத்திருக்கவும்.

"புதன் காலைல எடுத்தரலாமுங்க சாமி. அதுக்கு மேல ஒடம்பு தாங்காது," என்றாள் பங்குச் சாமியாரிடம். பனிக்கட்டி வாங்கி மரத்தூள் போட்டு அடுக்கினாள். என்ன இருந்தாலும் தங்கச்சி மனசு என்று ஊர் மெச்சியது. மனசாவது மண்ணாவது! விமானத்திலேயே இரண்டு ராத்திரி, பம்பாயிலிருந்து இன்னொரு ராத்திரி. வியாழனுக்கு முன்னால் அவன் தலை தெரியாது என்பது அவள் கணக்கு. ஜேடர்பாளையம் பஸ் வந்து சேர அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே நேரம்தான் ஆகிறது, லண்டன் மட்டும் கிட்டே வந்துவிடுமா? ஜெட் விமானம் வந்து, இரண்டு ராத்திரி வழி அரை நாளாகச் சுருங்கிவிட்டதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

புதன் காலையில் எல்லோரும் முகம் பார்த்து முடித்தார்கள். தச்சர் உபகாரசாமி பெட்டியை மூடிச் சுத்தியலை எடுத்த நேரம், மெட்ராஸ் டாக்ஸி ஒன்று தெருமுனையில் வந்து நின்றது. கோட்டும் சூட்டுமாக அற்புதராஜ் இறங்கி ஓடிவந்தான். தெரசம்மாள் தச்சர் பக்கம் திரும்பினாள்.

"ஆணிய அடிங்கண்ணா," என்றாள்.

"உங்கண்ணன் வந்துட்டாருங்க அம்மிணி," என்று உபகாரசாமி தயங்கினார்.

"அப்பனுக்குக் கஞ்சி ஊத்துனவ நானு. நாஞ் சொல்றேன், அடிங்க."

அற்புதராஜ் கூட்டத்தை விலக்கி வருவதற்குள் கடைசி ஆணியும் இறங்கிவிட்டது.

"தெரசு, ஒரே ஒரு தடவ தொறக்கச் சொல்லு. அப்பா மொகத்தப் பாக்கத்தான் தூங்காம ஓடியாந்தேன்."

"நானும்தான் ஓடியாந்தேன். எனக்கு மண்ணத் தோண்டிக் காட்டுனியா?"

அவன் பெட்டியின் மேல் விழுந்து அழுதான். அவளுக்கு அது இனித்தது. பங்குச் சாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுகூட அவள் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அழுகிறவனை அழவிட்டுப் பெட்டியின் தலைமாட்டைக் காட்டினாள்.

"எந்திரி. மொகம் பாக்கத்தான் நேரம் போயிருச்சு, தூக்கறதுக்குப் போவல. இந்தப் பக்கம் புடி."