டொராண்டோவில் ஊழியம்: மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்ற பவானி

எங்கள் சபையில் ஒரு பெண் வரும் செப்டம்பரில் மிஷனரி ஊழியத்துக்காகக் கனடா போகிறாள். என்னென்ன எடுத்துப் போகலாம் என்று என்னிடம் கேட்டாள். உல்லன் சாக்ஸ், நல்ல பூட்ஸ், உதட்டுக்குத் தடவ ஏதாவது என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகுதான் நான் சொன்னது பாதிகூட இல்லை என்று தோன்றியது. மீதியை இங்கே எழுதுகிறேன். ஊழியத்துக்கு இல்லாமல் சும்மா ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதில் ஏதாவது பயன்படலாம்.

நான் போனது 1996 அக்டோபரில். கோவையில் பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் இளைஞர்கள் படிப்பையும் வேலையையும் நிறுத்திவிட்டு, சபை அனுப்பும் ஊருக்குப் போய் வீடு வீடாக விசுவாசத்தைப் பற்றிப் பேசுவார்கள். பெண்களுக்குப் பதினெட்டு மாதம். இந்த ஊர்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். டீ, காபி தொடக்கூடாது. நான் தமிழ் பேசுவேன், டொராண்டோவில் ஈழத் தமிழர்கள் நிறைய வந்து குடியேறியிருந்தார்கள். அதனால் அங்கே அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன்.

கோவையிலிருந்து பம்பாய், அங்கிருந்து இரண்டு விமானம் மாறி அமெரிக்காவில் யூட்டா. அங்கே மூன்று வாரப் பயிற்சி. அதன் பிறகு டொராண்டோ. விமான நிலையத்திலிருந்து நகர மையம் இருபத்தேழு கிலோமீட்டர். இப்போது நேர் ரயில் இருக்கிறது, இருபத்தைந்து நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. அப்போது எங்களை ஒரு பழைய வேனில் ஏற்றிப் போனார்கள். வழியெல்லாம் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. அழகாக இருக்கிறது என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. அவ்வளவு பயம்.

எனக்குத் துணையாகப் போட்டது சிஸ்டர் ஹேன்சன். ஊழியத்தில் பெண்களை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆல்பர்ட்டா மாகாணத்தில் கோதுமைப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். கிட்டத்தட்ட ஆறடி உயரம், அதிகம் பேசாதவள். நான் சிஸ்டர் செல்வராஜ். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதே, அப்பா பெயரைத்தான் சட்டையில் குத்தும் பட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். நான் மோர்மன் ஆனதில் அப்பாவுக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. அவர் பெயரைச் சொல்லித்தான் ஊரே என்னைக் கூப்பிட்டது.

எங்களுக்குக் கொடுத்த பகுதி செயின்ட் ஜேம்ஸ் டவுன். அங்குள்ள தமிழர்கள் ‘சென் ஜேம்ஸ் ரவுண்’ என்பார்கள். ஷெர்போர்ன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. அப்போது டிக்கெட் இரண்டு டாலர். ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் உயரமான அடுக்குமாடிகள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் பாதி தமிழ் கேட்கும். சில தளங்களில் லிஃப்ட் கதவு திறந்ததுமே தாளித்த வாசனை வரும். வீட்டு ஞாபகத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும்.

ஆனால் கதவுகள் சுலபமாகத் திறக்கவில்லை. என் பேச்சைக் கேட்டதுமே நான் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். ஒரு பெரியவர் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இந்தியாவில இருந்து வந்த ஆக்களை நாங்கள் ஏற்கனவே கண்டனாங்கள் பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அங்கே போன இந்திய ராணுவத்தைச் சொல்கிறார் என்று புரிந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு பல நாள், கதவைத் தட்டிவிட்டு யாரும் திறக்கக்கூடாது என்று ஜெபித்திருக்கிறேன்.

எங்கள் சபைக் கட்டடத்தில் வியாழக்கிழமை மாலைகளில் இலவச ஆங்கில வகுப்பு நடத்தினோம். அங்கேதான் பவானி வந்தார். இது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. இருபத்தெட்டு வயதிருக்கும். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, அண்ணன் வீட்டில் இருந்தார். மற்ற பெண்கள் கடையில் பேச, டாக்டரிடம் பேச ஆங்கிலம் கேட்டார்கள். பவானி மூன்று வாரம் ஒன்றுமே கேட்கவில்லை. நான்காவது வாரம் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“உங்கட கடவுளைப் பற்றிக் கதைக்காமல், சும்மா ஒருக்கா வீட்டை வர ஏலுமோ? அண்ணை வேலைக்குப் போன பிறகு வாங்கோ.”

போனோம். சமையலறையில் சின்ன மேசை, மூன்று நாற்காலி. தேநீர் கொடுத்தார். நாங்கள் குடிப்பதில்லை என்றதும், “தேத்தண்ணி குடிக்காத தமிழ்ப் பிள்ளையை இண்டைக்குத்தான் காணுறன்” என்று சொல்லிப் பால் சுட வைத்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். பிப்ரவரியில் அவரைக் கனடா அகதியாக ஏற்பதா என்ற விசாரணை. ஊரில் அவரை ஒரு முகாமில் பிடித்து வைத்திருந்தார்கள். எந்த முகாம், யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே நடந்ததை முழுவதும் சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். பவானிக்குப் பிரச்சினையே அதுதான்.

“அந்த மனிசன் ஆரோ எந்த ஊரோ. எங்கட ஆக்களுக்கு இஞ்ச ஒருத்தரை ஒருத்தர் தெரியும். நாளைக்கு ஒரு கலியாண வீட்டில அவர் என்னைக் காணுவார். அண்ணைக்கே தெரியாது. ஒரு தமிழ் ஆளின்ர காதிலயும் அது விழக்கூடாது. நான் இங்கிலிசில சொல்லப் போறன். எனக்கு அதுக்கு மட்டும் இங்கிலிசு தெரிஞ்சால் போதும்.”

“என்கிட்ட சொல்லுங்கக்கா, நான் இங்கிலீஷ்ல மாத்தித் தர்றேன்” என்றேன்.

“நீரும் தமிழ்தானே.”

அவரே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். சிஸ்டர் ஹேன்சனைக் கண்ணால் காட்டினார். “உவவுக்குச் சொல்லுறன். நீர் அங்கால திரும்பி நில்லும். எனக்குச் சொல் வராட்டில் கேப்பன், சொல்லித் தாரும்.”

அப்படித்தான் நடந்தது. வாரம் இரண்டு முறை நான் பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்பேன். பின்னால் பவானி உடைந்த ஆங்கிலத்தில் சிஸ்டர் ஹேன்சனிடம் பேசுவார். நடுவில், “கண்ணைக் கட்டினவை எண்டதுக்கு என்ன?” என்பார். சொல்வேன். “கதவு வெளியால பூட்டியிருந்தது?” சொல்வேன். முழுக் கதையும் என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் என் முகத்தை அவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது முறை போனபோது அவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். பிறகு மிக மெதுவாக, “அவை செய்ததுக்கு ஒரு சொல் இருக்குத்தானே. அது எனக்கு வேணும்” என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். செய்தித்தாளில் படித்திருக்கிறேன். என் வாயால் எந்த மொழியிலும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட செய்தி வந்தால் அம்மா பேப்பரை மடித்து வைத்துவிடுவார். வேறு மழுப்பலான சொல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இரண்டு மூன்று இருந்தன. அவற்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் விசாரணையில் அவை போதாது என்று எனக்கே தெரிந்தது. சுவரைப் பார்த்தபடி அந்தச் சொல்லைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

பவானி அதைத் திருப்பிச் சொன்னார். உச்சரிப்பு சரியாக வரும்வரை நான்கைந்து தடவை சொன்னார். சிஸ்டர் ஹேன்சன் அழும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

அன்று கிளம்பும்போது சிஸ்டர் ஹேன்சன், ஜெபம் செய்யலாமா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். பவானி என்னைப் பார்த்துச் சொன்னார். “கும்பிடுங்கோ. ஆனால் எனக்காக மன்னிப்புக் கேக்க வேண்டாம்.”

எங்கள் ஜெபத்தில் அது தானாக வந்துவிடும். அதை எடுத்துவிட்டால் எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூவரும் தலை குனிந்து நின்றோம். ‘ஆண்டவரே, இவருக்கு நடந்தது உமக்குத் தெரியும்’ என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. வெளியே வந்து பனியில் நடந்தபோது, தெரிந்திருந்தும் ஏன் சும்மா இருந்தீர் என்றுதான் கேட்டுக்கொண்டே நடந்தேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பதில்கள் எல்லாம் ஞாபகம் இருந்தன. ஒன்றுகூட அந்த மேசையில் வைக்கத் தக்கதாக இல்லை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பவானிக்கு வகுப்பு பாக்கி இருந்ததால் போகவில்லை. உண்மையான காரணம் அதுதான்.

பவானி விசாரணைக்கு எங்களையும் துணைக்கு வரச் சொன்னார். எங்கள் மிஷன் தலைவரிடம் அனுமதி கேட்டோம். போகலாம், உள்ளே போகவோ எதிலும் தலையிடவோ கூடாது என்றார். அன்று காலை மைனஸ் பதினெட்டு. ஷெர்போர்னிலிருந்து ரயில் ஏறி நகர மையத்தில் இறங்கினோம். வக்கீலம்மா வாசலில் காத்திருந்து அவரை உள்ளே கூட்டிப் போனார். நாங்கள் நடைபாதையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தோம்.

ஐந்து நிமிடத்தில் கதவு திறந்து ஒருவர் மட்டும் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். டை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பிள்ளை இந்தியாவோ?”

“கோயமுத்தூருங்க.”

“உள்ளுக்கு இருக்கிறது உம்மட ஆளோ? நான்தான் மொழிபெயர்க்க வந்தனான். என்னை வேண்டாம் எண்டிட்டா. இங்கிலிசிலயே சொல்லுறாவாம்.” கொஞ்ச நேரம் கழித்து, “என்ன விசயம் எண்டு உமக்குத் தெரியுமோ?” என்றார்.

பவானி பயந்த ஆள் இவர்தான் என்று புரிந்தது. தெரியாது என்று சொல்லிவிடலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. “தெரியுங்கண்ணா. ஆனா நான் சொல்லக்கூடாது” என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். “அது சரி. அப்பிடித்தான் இருக்க வேணும்.” கைகளைக் கோத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். “கன வருசமா இந்த வேலை செய்யிறன். எவ்வளவோ கேட்டிட்டன். எல்லாத்தையும் இந்தக் கட்டடத்துக்குள்ளயே விட்டிட்டுத்தான் போறனான். வீட்டில மனிசிக்குக்கூட ஒண்டும் சொன்னதில்லை. ஆனால் இஞ்ச வாற ஆக்களுக்கு அது எப்பிடித் தெரியும்?”

அடுத்த அறையில் அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர், “யோசிக்காதையும். உந்த அறையில விசாரிக்கிற அம்மா பொறுமையாக் கேப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஜெபம் செய்தேன். வழக்கு ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்த இடம் வரும்போது பவானிக்குக் குரல் நின்றுவிடக்கூடாது, அவ்வளவுதான் கேட்டேன். சிஸ்டர் ஹேன்சன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே வந்தார்கள். வக்கீலம்மாவின் முகத்திலேயே ஜெயித்தது தெரிந்துவிட்டது. “ஓமெண்டிட்டினம்” என்றார் பவானி. “ஒருக்கா இருப்பம்.” பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். சிஸ்டர் ஹேன்சன் அவர் தோளில் சாய்ந்து அழ, பவானிதான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

என்னிடம் திரும்பி, “அந்தச் சொல்லைச் சொன்னனான். இரண்டு தரம் கேட்டவ. இரண்டு தரமும் சொன்னனான்” என்றார்.

பவானி எங்கள் சபையில் சேரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. எனக்கு இன்னும் ஒரு வருடம் ஊழியம் பாக்கி இருந்தது. கதவுகள் பழையபடியே சாத்தப்பட்டன. ஆனால் யாரும் திறக்கக்கூடாது என்று நான் பிறகு ஜெபித்ததில்லை. திறப்பவரிடம் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாது, முதலில் கேட்போம் என்று நின்றேன். பனியில் நடந்தபோது கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அதைக் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபருக்குப் பிறகு போனால் குளிர் கோட்டு இங்கே வாங்காதீர்கள், அங்கே பழைய துணிக் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும். பூட்ஸ் மட்டும் புதிதாக வாங்குங்கள். செயின்ட் ஜேம்ஸ் டவுனுக்கு ஷெர்போர்னில் இறங்கி நடந்தே போகலாம். அங்கே குடியிருப்பவர்களையும் கதவுகளையும் படம் எடுக்காதீர்கள். ஈழத் தமிழர்களிடம் போன உடனே போரைப் பற்றிக் கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்றால் அவர்களே சொல்வார்கள். ஊழியத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு: மனப்பாடம் செய்த பாடம் வாயில் வராத நாள் ஒன்று வரும். அன்று கிளம்பி வந்துவிடாமல் அங்கேயே நில்லுங்கள்.

பவானி இப்போது டொராண்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் இருக்கிறார். கல்யாணமாகி இரண்டு பெண்கள், இருவருமே வேலைக்குப் போகிறார்கள். இதை எழுதலாமா என்று போன வாரம் போனில் கேட்டேன். பெயரை மாற்றிவிடுகிறேன், வேண்டுமானால் ஆங்கிலத்தில் எழுதுகிறேன், தெரிந்தவர்கள் கண்ணில் படாது என்றேன்.

அவர் சொன்னார்.

“பேரை மாத்தும். ஆனால் தமிழிலயே எழுதும்.”