இடது கைக்குச் சங்கு

சிவசங்கரி யாரையும் நம்பமாட்டாள். புத்தூரில் எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம் அது. பால்காரர் பால் ஊற்றும்போது பாத்திரத்தைப் பார்க்கமாட்டாள், அவர் கையைத்தான் பார்ப்பாள். அவளோடு சண்டை போடாத வீடு தெருவில் ஒன்றிரண்டு இருக்கலாம். அவை பூட்டிக் கிடக்கும் வீடுகள்.

அவள் செய்வது டிசைன் வியாபாரம். கல்யாண ரவிக்கையின் முதுகிலும் கையிலும் ஜரி வேலை போடும் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினுக்கு, ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்று யாராவது சொல்லித் தர வேண்டும். அதைச் சொல்லும் ஃபைலை அவள் லேப்டாப்பில் உருவாக்குகிறாள். தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. வாங்குகிறவர் அவளுடைய இணையப் பக்கத்தில் பணம் கட்டுவார், ஃபைல் அவருக்கு வாட்ஸ்அப்பில் போகும். பென் டிரைவில் ஏற்றி மெஷினில் சொருகினால், கொஞ்ச நேரத்தில் பட்டில் மயில் நிற்கும்.

கல்யாணமான புதிதில் நகரியில் ஒரு எம்ப்ராய்டரி கடையில் சம்பளத்துக்கு இருந்தாள். அவள் போட்ட மயில்களை முதலாளி தன் டிசைன் என்று சென்னைக் கடைகளுக்கு விற்றான். கேட்டதற்கு, "மயிலு முதுகுல உங்க நைனா பேரா எழுதிருக்குது?" என்றான். சுற்றி இருந்த ஆண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தாலிச் சங்கிலியை அடகு வைத்து லேப்டாப் வாங்கினாள். மாமியார் வீட்டில் அதற்கும் ஒரு சண்டை.

இந்தத் தொழிலில் இங்கே எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வாங்கியவர் ஃபைலை எடுத்துக்கொண்டு "வந்துச்சு" என்று எழுதியதும், வாட்ஸ்அப்பில் அனுப்பியதை இரண்டு பக்கமும் இல்லாதபடி அழித்துவிடுவார்கள். கடை போன் எப்போதும் மேஜை மேல் கிடக்கும். மெஷின் ஓட்டுகிற ஆள் டீ குடிக்கிற நேரத்தில் டிசைனை இன்னொரு கடைக்குத் தள்ளிவிடுவான். அதனால் அழிக்கச் சொல்லிக் கடைக்காரர்களே கேட்பார்கள். மற்றவர்கள் மறந்தாலும் சிவசங்கரி மறக்கமாட்டாள். "வந்துச்சு" என்ற சொல் வந்து விழுவதும் ஃபைல் மறைவதும் ஒன்றாகவே நடக்கும்.

திருப்பதியில் ரவிக்கைக் கடை வைத்திருக்கும் யஸ்வந்த் ஒரு ஆர்டர் கொடுத்தான். திருமலையில் கல்யாணம். பெண்ணின் முதுகில் கோபுரம், கைகளில் சங்கு சக்கரம் வேண்டும். அவள் அதை முதுகுக்கு ஒன்று, ஒவ்வொரு கைக்கும் ஒன்று என மூன்று ஃபைலாகச் செய்து அனுப்பினாள். அவன் "வந்துச்சு" என்றான். அவள் அழித்தாள். இரண்டு நாள் போனதும் அவனிடமிருந்து செய்தி: ஒரு ஃபைல் கிடைக்கவில்லை, திரும்ப அனுப்பு.

இப்படிக் கேட்டு வாங்கி மச்சானின் கடைக்கு இனாமாகக் கொடுத்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவன் எண்ணைப் பிளாக் செய்தாள்.

அடுத்த வாரம் அவளுக்காகப் பணத்தை வசூலித்துத் தரும் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பொருள் வரவில்லை என்று வாங்கியவர் புகார் செய்திருக்கிறார், பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், ஆதாரம் அனுப்பவும். அதே வருஷம் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இரண்டு பேர் இதே மாதிரி ஃபைலை வாங்கிக்கொண்டு பணத்தைத் திரும்ப எடுத்திருந்தார்கள். இரண்டிலும் அவள்தான் தோற்றாள். மூன்றாவதிலும் தோற்றால் கணக்கு மூடப்படும் என்று மெயிலின் கடைசியில் இருந்தது. கணக்கு போனால் பக்கம் போகும். பக்கம் போனால் மறுபடி யாருடைய கடையிலாவது சம்பளத்துக்கு உட்கார வேண்டும். நகரி முதலாளிக்கு அதற்குள் எப்படியோ தெரிந்து, "அந்தம்மா நாற்காலிய தொடச்சி வெச்சிருக்கன்னு சொல்லு" என்று ஆள் விட்டான்.

கம்பெனியின் விதியில் விற்பவருக்குப் பாதுகாப்பு என்று ஒரு பகுதி இருந்தது. கூரியரில் பார்சல் அனுப்பி, வாங்கியவரின் கையெழுத்து இருந்தால் காப்பாற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விற்றவள் அதை அனுப்பியதைத் தானே நிரூபிக்க வேண்டும். அவள் யஸ்வந்தோடு பேசிய பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். அதில் இருந்ததெல்லாம் மூன்று வரி. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.' 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.' 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.'

அவள் கணவன் ரகு ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவன். அதைப் பார்த்துச் சிரித்தான். "பொணத்த நீயே எரிச்சிட்டு, அதையே சாட்சிக்குக் கூப்புடறியே."

"வாய மூடிக்கினு கம்பெனி பஸ்ஸ புடி."

ஆதாரம் போதாது என்று பதில் வந்தது. முடிவு சொல்லும் நாளும் நெருங்கியது. புகார் கொடுத்தவனே அதை முடித்தால் ஒழிய வேறு வழி இல்லை. லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினாள். என்றைக்கு எந்த ஃபைலைச் செய்தாள் என்பதெல்லாம் அதில் இருந்தது. அவன் மூஞ்சியில் காட்ட வேண்டும்.

கடை காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மெஷின் நின்றிருந்தது. அரக்குப் பட்டுத் துண்டுகள் மேஜையில் கிடந்தன. கல்யாணப் பெண்ணின் அம்மா சந்திரம்மா ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யஸ்வந்த் நிமிர்ந்தான். "பாருங்கம்மா, போன்ல பிளாக் பண்றவங்க நேர்ல தரிசனம் குடுக்குறாங்க."

"பொருளே வரலன்னு எழுதிருக்கியே. இந்த முதுகுல இருக்கிறது இன்னா, உங்க தாத்தா கட்டுன கோபுரமா?"

"மூணுக்குப் பணம் கட்டுனேன். போன்ல இருந்து ரெண்டுதான் எடுத்தேன்."

"மூணாவத எங்கூட்டுல இருந்து வந்து ஊட்டி விடணுமா?"

"ஒரு கைக்கு ஃபைல் இருந்தா போதும், மெஷின்லயே திருப்பிப் போட்டு அடுத்த கைய எடுத்துக்குவோம். ஊரு பூரா அப்படித்தான். மூணாவதும் அதேதான்னு நெனச்சி எடுக்கல. வந்துச்சுன்னு போட்டேன். நீ அந்த நிமிசமே அழிச்சிட்ட!"

சந்திரம்மா மேஜையிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரித்துக் காட்டினாள். திருப்பிப் போட்டு எடுத்த இடது கை. அதிலும் சக்கரம்.

"ரெண்டு கையிலயும் சக்கரமாம்," என்றாள். "சாமிக்கு வலது கையில சக்கரம், இடது கையில சங்கு. திருப்பதில கடை வெச்சிக்கினு இவனுக்கு இது தெரியல. இன்னும் நாலு நாளுல கல்யாணம்."

சிவசங்கரி அந்தச் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு உண்மை. அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் முகம் இளகவில்லை. ஒரு பங்குக்காக மூன்று பங்கையும் வரவில்லை என்று எழுதியவன்தானே.

"புகார முடி. ஃபைல் தர்றேன்."

"மொதல்ல ஃபைல குடு. முடிக்கிறேன்."

"குடுத்தா நீ முடிக்கமாட்ட."

"முடிச்சா நீ லேப்டாப்ப மூடிக்கினு பஸ் ஏறிடுவ."

இரண்டு பேருமே எதிராளியைச் சரியாகத்தான் அளந்திருந்தார்கள். எதிராளியின் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்வோம் என்று பார்த்தால் போதும்.

"ஏமய்யா," என்று சந்திரம்மா எழுந்தாள். "உங்க ரெண்டு பேரு பஞ்சாயத்துல எம்பொண்ணு ஒத்தக் கையோட மணையில உக்காரணுமா? அட்வான்ஸ வெய்யி. எதிர்க் கடையில ரெடிமேடு வாங்கிக்கிறேன்."

யஸ்வந்த் அப்போதுதான் பதறினான். "இருங்கம்மா, இருங்க."

சிவசங்கரி கேட்காமலே மேஜையில் கிடந்த பென் டிரைவை எடுத்தாள். லேப்டாப்பைத் திறந்து ஃபைலை ஏற்றினாள். மெஷின் பக்கத்தில் நின்ற ஆளைத் தோளால் ஒதுக்கிவிட்டு, புதுப் பட்டுத் துண்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தானே ஓட்டினாள். ஊசி இறங்கியது. தங்க நூலில் சங்கின் வால் வந்தது, சுருள் வந்தது, வயிறு பாதி வந்தது.

நிறுத்தும் பட்டனை அழுத்தி, பென் டிரைவையும் மெஷினில் ஏறியிருந்த ஃபைலையும் எடுத்துவிட்டாள்.

"இப்ப முடி."

"ஏய்! பாதியில நிறுத்துனா பட்டு சுருங்கிரும்!"

"சுருங்கட்டும். எம்பொண்ணா போட்டுக்கப் போறா?"

சந்திரம்மா அவளை முறைத்தாள். பிறகு, அதைவிட மோசமாக, யஸ்வந்தை முறைத்தாள். "அமுக்கு."

அவன் போனை எடுத்தான். முடித்தால் மறுபடி திறக்க முடியாது என்று திரையில் வந்ததை வாய்விட்டுப் படித்தான். தெலுங்கில் அவளுடைய பரம்பரையைப் பற்றி ஒன்று சொன்னான். அமுக்கினான்.

"ஆச்சு. ஓட்டு."

"மெயில் வரட்டும்."

அவள் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெயில் வந்ததும் திறந்து படித்தாள். புகார் வாங்கியவரால் முடிக்கப்பட்டது, உங்கள் கணக்கு தொடரும். அதற்குப் பிறகுதான் ஃபைலைத் திரும்ப ஏற்றி, நின்ற தையலிலிருந்து ஓட்டினாள். சங்கு முழுசானது. சட்டத்தைக் கழற்றியபோது விளிம்பில் லேசாக ஒரு சுருக்கம் இருந்தது. சந்திரம்மா அதை விரலால் நீவிப் பார்த்தாள், போகவில்லை.

"இனிமே திருப்பதில ஒரு கடை உன் டிசைன வாங்காது," என்றான் யஸ்வந்த். "ஒவ்வொரு கடையா போய்ச் சொல்றேன்."

"போ. நடந்தா உடம்புக்கு நல்லது."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மெயிலை மறுபடி திறந்தாள். கணக்கு தொடரும் என்ற வரிக்குக் கீழே, கடையில் கண்ணில் படாத பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது: டிஜிட்டல் பொருள்களுக்கு விற்பனையாளர் பாதுகாப்பு பொருந்தாது.

பதில் எழுதும் இடத்தைத் தொட்டு, "பேமானிங்களா" என்று அடித்து அனுப்பினாள். வடமாலப்பேட்டை தாண்டுவதற்குள் அது திரும்பி வந்தது. இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லையாம்.