யாருக்கோ வாய் கோணுதாம்

எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் டிவியில் வரும் காமெடிகளுக்கு நானே பெயர் வைத்துக்கொள்வேன். சாயங்காலம் வருவது ஊஞ்சல் வீடு. அந்த வீட்டுக் கூடத்தில் ஓர் ஊஞ்சல் தொங்கும், மாமியார்க்காரி அதைவிட்டு இறங்கவே மாட்டாள். இன்னொன்று சோபா வீடு. அது வெள்ளைக்காரக் குடும்பம். என் பேத்தி போனிலிருந்து எப்படியோ டிவிக்கு ஏற்றிக் காட்டுவாள். அவர்கள் பேசுவதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாது, சண்டை மட்டும் நன்றாகப் புரியும். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுக் கிழவியானவள் நான். இந்திக்காரன், மலையாளத்தான் எல்லோரும் என்னோடு பேரம் பேசிச் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டைக்கு பாஷை எதற்கு?

இதை எழுதுவதும் அந்தப் பேத்திதான். நான் 'வூடு' என்றால் அவள் 'வீடு' என்று எழுதுகிறாள். "புக்குன்னா அப்படித்தான் எழுதணும் ஆயா" என்கிறாள். சரி, ஆட்கள் பேசினதையாவது அப்படியே போடுடி, அதைத் திருத்தினால் மசாலா போடாத மீன் மாதிரி ஆகிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊஞ்சல் வீட்டில் நான்கு பிள்ளைகள், நான்கு மருமகள்கள். ஒருத்திக்கு ஒருத்தி ஆகாது. பெரிய மருமகள் தன் போனை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைப்பாள், இரண்டாமவள் தெரியாமல் உலை வைக்கப் போகும்போது அரிசிக்குள் மணி அடிக்கும். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். பிள்ளைகள் பிரிந்து போகிறோம் என்று கிளம்பினால், மாமியார்க்காரி ஊஞ்சலிலிருந்து மயங்கி விழுவது போல நடிப்பாள். அவ்வளவுதான், நான்கு பேரும் ஓடிவந்து தாங்குவார்கள், அடுத்த நிமிஷம் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சோபா வீடு வேறு மாதிரி. அந்த அப்பன் தொப்பையைத் தள்ளிக்கொண்டு சோபாவிலேயே கிடப்பான். பெற்ற பெண்ணே அவன் முகத்துக்கு நேராக நின்று திட்டுவாள். பொண்டாட்டி கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போவாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும், கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். நான் குடித்தனம் நடத்திய காலத்தில் எங்கள் வீட்டு அறைகளுக்குக் கதவு கிடையாது, திரைதான். திரையை எப்படி அறைந்து சாத்துவது?

ஆனால் அந்த வெள்ளைக்காரர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருந்தது. திட்டுவதை நேராகத் திட்டினார்கள். நம் வீடுகளில் அந்தப் பழக்கம் இல்லை. நாம் சுவரைப் பார்த்து, நாயைப் பார்த்து, தண்ணீர்க் குடத்தைப் பார்த்துப் பேசுவோம். ஜாடை பேசுவது என்று அதற்குப் பெயர். யாரைத் திட்டுகிறோமோ அவர்கள் பெயர் வாயில் வராது. 'யாரோ' என்போம். அந்த யாரோ யார் என்று தெருவுக்கே தெரியும்.

எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழ் வீட்டை நானும் என் வீட்டுக்காரரும் கட்டினோம். அதில் பெரியவன் குடும்பம். ஆட்டோ ஓட்டுகிறான், ஓட்டினான் என்று சொல்ல வேண்டும். மாடியைச் சின்னவன் கட்டினான். அவனுக்கு மேடவாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் ஏசி பார்க்கிற வேலை. எழுதுகிற பேத்தி அவன் மகள். நான் பகலில் கீழே, சாயங்காலம் மேலே. இரண்டு வீட்டிலும் எனக்குச் சோறு உண்டு, டிவியும் உண்டு. எனக்கென்ன குறை?

குறை ஒன்றே ஒன்றுதான். அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. சின்னவன் "ண்ணா" என்று கூப்பிட வேண்டும், பெரியவன் "இன்னாடா" என்று கேட்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தையையும் ஒரு தடவை காதில் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறு ஆசைக்கு நான் ஆண்டவனைத் தொந்தரவு செய்ததில்லை.

பேச்சு நின்றதன் காரணத்தைக் கேட்டால் ஊஞ்சல் வீட்டுக்காரர்களே சிரிப்பார்கள். மாடி வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. சாப்பாட்டு நேரத்தில் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பெரியவன்தான் ஆட்டோ எடுத்துக்கொண்டு தண்ணீர் கேன் வாங்கப் போனான். அவன் போயிருந்த நேரத்தில் போட்டோக்காரர் வெளிச்சம் போகிறது என்று எல்லோரையும் நிற்க வைத்துக் குடும்பப் படம் எடுத்துவிட்டார். இருந்த கூட்டத்தில் ஆள் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்தப் படம் பெரிதாகச் சட்டம் போட்டு மாடிக் கூடத்தில் மாட்டப்பட்ட அன்று பெரியவன் அதன் முன்னால் நின்று பார்த்தான்.

"நான் இல்லாத குடும்பம் நல்லாத்தான் கீது" என்றான். இறங்கிப் போனவன் அப்புறம் படி ஏறவில்லை. சின்னவனும் கீழே போய்க் கூப்பிடவில்லை. "வேணும்னா பண்ணேன்? அவருக்கே புரிய வேணாமா?" என்று என்னிடம் சொன்னான். அதை அவனிடம் சொல்லேன்டா என்றேன். வீம்பு.

அதற்குப் பிறகு மோட்டார் சண்டை வந்தது. தொட்டி நிரம்பி வழிந்தால் கீழ் மருமகள் துணி துவைக்கிற கல்லைப் பார்த்துப் பேசுவாள்: "யாரோ மோட்டார போட்டுட்டுத் தூங்கறாங்க. கரண்ட் இன்னா அவங்க மாமியார் வூட்டு சீரா?" மேல் மருமகள் கைப்பிடிச் சுவரில் உலர்த்திய மிளகாயைப் பார்த்துப் பதில் சொல்வாள்: "காலைலயே யாருக்கோ வாய் அரிக்குது, புளி வச்சுத் தேச்சா நல்லாருக்கும்."

கீழ் மருமகளிடம் இன்னொரு வார்த்தையும் இருந்தது. நாங்கள் கடலோரக் குப்பத்தில் இருந்த காலத்தில், சின்னவன் குழந்தையாக இருந்தபோது, கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் விளிம்பில் விழுந்து உதடு கிழிந்துவிட்டது. சிரித்தால் வாய் ஒரு பக்கம் இழுக்கும். குப்பத்துப் பிள்ளைகள் கோணவாயன் என்பார்கள். அப்படிச் சொன்ன பையன்களைப் பெரியவன் மணலில் போட்டுப் புரட்டியெடுப்பான். எத்தனை அம்மாக்கள் என் வாசலில் வந்து சண்டை போட்டார்கள்! அந்த வார்த்தை கடைசியில் பெரியவன் அடுப்படியிலிருந்தே மாடிக்கு ஏறியது. "யாருக்கோ வாயும் கோணல், புத்தியும் கோணல்" என்று அவள் சொல்லும்போது பெரியவன் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

மேலே நான் சோபா வீடு பார்க்கும்போது அதில் திடீர் திடீரென்று ஒரு கும்பல் சிரிக்கும். ஆளையே காட்ட மாட்டார்கள்.

"யாருடி இவங்க? வூட்டுக்குள்ளயே ஒளிஞ்சிகினு சிரிக்கறாங்க?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"அது ரெக்கார்ட் பண்ண சிரிப்பு ஆயா. எங்க சிரிக்கணுமோ அங்க போட்டுடுவாங்க."

"கூலிக்கு மாரடிக்கறா மாதிரி கூலிக்குச் சிரிக்கறாங்களா?"

என் வீட்டுக்காரர் செத்தபோது ஒப்பாரிக்கு வந்த ஒருத்தி, அழுகைக்கு நடுவில் என்னிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டாள். கொடுத்துவிட்டு நானும் சேர்ந்து அழுதேன். அந்த மாதிரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் சங்கரா மீன் வாங்கப் போயிருந்தேன். விற்றவளே வாங்கப் போனால் சும்மா வர முடியுமா? செவுளைத் தூக்கிப் பார்த்து, பழைய மீனைப் புது மீன் என்ற ஒருத்தியோடு வாய்ச்சண்டை போட்டு, ஜெயித்து, சந்தோஷமாகத்தான் வந்தேன். கேட்டைத் திறக்கும்போதே மாடியில் அந்தக் கும்பல் சிரிக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்டது. கீழ் மருமகள் படிக்கட்டுக்கு அடியில் நின்று மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். கத்தல் சிரிப்பில் அமுங்கிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"அத்தே, அவர வந்து பாருங்க! காப்பி வாயில நிக்கல, வழிஞ்சிகினு போவுது. கை தூக்க மாட்டன்றாரு. எவ்ளோ நேரமா கத்திகினு கீறேன், மேல யாரும் வரல!"

உள்ளே பெரியவன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தான். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த மீன் பையை எங்கே போட்டேன் என்று தெரியாது. வாசலுக்கு வந்து, வயிற்றிலிருந்து சத்தத்தை எடுத்து, "டேய் சின்னவனே! உங்கண்ணன் போறான்டா!" என்று கத்தினேன். மார்க்கெட்டில் கூவிய தொண்டை. சிரிப்பையும் தாண்டிப் போயிற்று. சின்னவன் லுங்கியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

ஆம்புலன்ஸ் வந்து, ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து போயிற்று. சின்னவன் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழி நெடுக ஒரு தடவைகூட 'ண்ணா' என்று கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் வராண்டாவில் அந்தக் 'கொஞ்சம்' எப்படிப் போனது என்று தெரிந்தது.

"ஏன்டி, முதல்ல இன்னான்னு கூப்ட்ட?" என்று கீழ் மருமகளைக் கேட்டேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "வாய் லேசாத்தான் இழுத்துச்சு அத்தே. இவ்ளோ பெருசுன்னு தெரியல. நேரா கூப்ட வாய் வரல. 'யாருக்கோ வாய் கோணிக்கினு கீது, கண்ணு இருந்தா வந்து பாக்கட்டும்'னேன்."

சின்னவன் சுவரில் சாய்ந்து நின்றான். "என்னத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேம்மா. எப்பவும் சொல்றதுதானே. டிவி சவுண்ட ஏத்தி வச்சிட்டேன்."

மேல் மருமகள் தன் ஓரகத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஜாடை பலிக்காத பிறகு கீழ் மருமகள் நேராகத்தான் கத்தியிருக்கிறாள், ஆனால் அதற்குள் மேலே அந்தக் கும்பல் சிரித்துக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. நேராகவும் இல்லை, ஜாடையாகவும் இல்லை.

பெரியவன் வீட்டுக்கு வந்தான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. வாயைத் திறந்தால் 'ஆ' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். "திடீர்னு சிரிப்பாரு, திடீர்னு அழுவாரு. அது அவர் கையில இல்ல. சிரிச்சா சந்தோஷம்னும் நினைக்காதீங்க, அழுதா துக்கம்னும் நினைக்காதீங்க." அது என்ன வியாதியோ. அவனுக்குள்ளேயே ஒரு கும்பலை உட்கார வைத்துவிட்டது, எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாத கும்பல்.

வாசலில் நிற்கும் அவன் ஆட்டோவின் மேல் பூனை படுத்திருக்கிறது. அன்றைக்கு என் சங்கரா மீனைத் தின்றதும் அதுவாகத்தான் இருக்கும்.

சின்னவன் தினமும் இறங்கி வந்தான். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று, "அம்மா, மாத்திர போட்டாரான்னு கேளு" என்பான். வாய் பேச முடியாதவனிடம் நான் என்னத்தைக் கேட்க? அப்போதும் ஜாடை விடவில்லை. ஊஞ்சல் வீடாக இருந்தால் இதற்குள் பந்தி போட்டிருப்பார்கள். சோபா வீடாக இருந்தால் கட்டிப் பிடித்திருப்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கீழ் மருமகள் பெரியவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சின்னவன் வழக்கம்போல வாசலில் நின்றான். அவள் திரும்பாமல், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"யாரோ வாசல்லயே நிக்கறாங்க. கால் வலிக்கப் போவுது, உள்ள வந்து குந்தச் சொல்லுங்க அத்தே."

அவளுக்குத் தெரிந்த பாஷை அதுதான். சின்னவன் உள்ளே வந்தான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் போர்வையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ண்ணா" என்றான்.

என் காது குளிர்ந்துவிட்டது. அடுத்த வார்த்தைக்காகப் பெரியவன் வாயையே பார்த்தேன், புத்தி கெட்டவள் மாதிரி.

"ண்ணா, அன்னிக்குப் போட்டோல உன்ன வேணும்னு வுடல ண்ணா. நீ தண்ணி எடுக்கப் போனது கூட எனக்குத் தெரியாது. சத்தியமா ண்ணா."

பெரியவன் சிரித்தான். லேசாக ஆரம்பித்து, தோள் குலுங்க, கட்டில் குலுங்க, கஞ்சி கழுத்தில் வழியச் சிரித்தான். சின்னவன் முகம் செத்துவிட்டது.

"டாக்டரம்மா சொன்னாங்க இல்லடா, அது வியாதி" என்றேன்.

"தெரியும்மா" என்றான். "ஆனா இந்த சிரிப்பு எனக்குத் தெரியும். என்ன கோணவாயன்னு சொன்னவன மணல்ல போட்டுட்டு இப்டித்தான் சிரிப்பாரு." கொஞ்சம் பொறுத்து, "நக்கலா சிரிச்சாலும் இப்டித்தான் சிரிப்பாரு" என்றான்.

எழுந்து போய்விடுவானோ என்று பயந்தேன். போகவில்லை. நான் வேறு என்ன செய்வது, டிவியைப் போடச் சொன்னேன். அப்பன் பின்னாலேயே இறங்கி வந்திருந்த பேத்தி சோபா வீட்டை வைத்தாள். அந்த அப்பன் தொப்பையோடு சோபாவிலிருந்து தவறி விழுந்தான். ஒளிந்திருக்கும் கும்பல் சிரித்தது. பெரியவனும் மறுபடி சிரித்தான், வாய் இடது பக்கம் இழுக்க. அவனையே பார்த்துக்கொண்டிருந்த சின்னவனும் சிரித்தான், அவனுக்கு வலது பக்கம் இழுக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது.

டிவிக்குள் இருந்தவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள். நாங்களும் நிறுத்திவிட்டோம். பெரியவன் மட்டும் நிறுத்தவில்லை. சின்னவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் ண்ணா, போதும் ண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.